கேண்டிடா ராயல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்த பழைய அமெரிக்க நீலப்பட நடிகை கேண்டிடா ராயலைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர் விரும்பித்தான் அந்தத் தொழிலுக்கு வந்தாரா? தன்னை மிரட்டி நடிக்க வைத்ததாக இன்னொரு நீலப்பட நடிகை லிண்டா லவ்லேஸ் எழுதியிருக்கிறாரே, இருவரில் யார் சொல்வது உண்மை?

– ம., கோவை

அன்புள்ள ம.,

ஏன், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கக் கூடாதா? ஒருத்தி வாழ்க்கையை வைத்து இன்னொருத்தியைப் பொய்க்காரி ஆக்கும் இந்தப் பட்டிமன்றப் புத்தியை முதலில் விடுங்கள்.

கேண்டிடா விரும்பித்தான் வந்தார். சான்பிரான்சிஸ்கோவில் பாட்டும் நாடகமுமாகத் திரிந்த பெண், எழுபதுகளின் நடுவில், காசுக்காக. சரி, அது முடிந்தது. எனக்குக் கொஞ்ச நாளாக மண்டையில் ஓடுவது வேறு: படம் யாருடையது? என் முதல் தொகுப்பு மறுபதிப்பு வந்ததையே புத்தகக் கண்காட்சிக் கடையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அதற்கு இன்றுவரை ராயல்டி வரவில்லை, அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்.

1972இல் லிண்டா நடித்து வந்த ‘டீப் த்ரோட்’ படம் கோடிகளைக் குவித்தது. அவருக்குப் பேசிய 1,250 டாலரையும் கணவரே எடுத்துக்கொண்டதாக அவர் சொன்னார். விரும்பி வந்தவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? நாள் கணக்கில் கூலி, அதோடு சரி. தியேட்டரில் ஓடிய படமெல்லாம் பிறகு வீடியோ கேசட்டாகி வீட்டுக்குள் வந்தபோது அட்டையில் இருந்தது அவர்கள் முகம், லாபம் போனது வேறு பைக்கு.

1983இல் நியூயார்க்கில், லெக்சிங்டன் அவென்யூ 90ஆம் எண் வீட்டில், சக நடிகை வெரோனிகா ஹார்ட்டுக்கு நம்மூர் வளைகாப்பு மாதிரி ஒரு விருந்து. கேண்டிடாவும் மற்ற நடிகைகளும் கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியது அன்றுதான். அது ‘கிளப் 90’ என்ற குழுவானது. மறு வருஷம் அதே கூடத்தை மேடையில் போட்டு நாடகம் நடத்தினார்கள்: மினுக்கும் உடையில் ஒவ்வொருத்தியாக வந்து, அதைக் கழற்றி வீட்டு உடைக்கு மாறி, உட்கார்ந்து பேசுவார்கள்.

அதே 1984இல்தான் கேண்டிடா ‘ஃபெம் புரொடக்‌ஷன்ஸ்’ தொடங்கி, பெண்கள் பார்க்கிற மாதிரி தானே படம் எடுத்தார். கூலி வாங்கிய கை கூலி கொடுக்கும் கையானது. இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி உண்டா? அவள் படுக்கைக்கு எப்படி வந்தாள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது, கல்லாவில் எப்படி உட்கார்ந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை!

கோபித்துக்கொள்ளாதீர்கள். தேடிப் படிக்கிறவர் நீங்கள், அதனால்தான் திட்டுகிறேன். 2015இல் அவர் புற்றுநோயால் இறந்த பிறகு, சிறுவயதிலிருந்து எழுதிய டைரிகளும் காகிதங்களும் ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்துக்குப் போய்விட்டன. வரலாற்றாசிரியர் ஜேன் கமென்ஸ்கி அவற்றைப் புரட்டித்தான் வாழ்க்கை வரலாறு எழுதியிருக்கிறார். அதை வாங்கிப் படியுங்கள், அப்புறம் எழுதுங்கள்.