சாட்ஸ்வொர்த் மாளிகையையும் பூங்காவையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் காலையில் திறந்தவுடன் போய்விட வேண்டும். மாளிகை அறைகளிலேயே கால் ஓய்ந்துபோய், மாலையில் தோட்டத்தை அவசரமாகச் சுற்றுகிறவர்கள்தான் அதிகம். அது பெரிய இழப்பு. சாட்ஸ்வொர்த்தின் அழகில் பாதி தண்ணீரில் இருக்கிறது.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள இது, டெவன்ஷயர் கோமகன்களான (டியூக்) கேவண்டிஷ் குடும்பத்தின் வீடு. மாளிகைக்கு நேரம் குறித்த சீட்டு. இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். உள்ளே ஒருவழிப் பாதை, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இசை அறையில் பாதி திறந்த கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவில் ஒரு வயலின் தொங்குவதுபோல் தெரியும். அந்த வயலின் வெறும் ஓவியம்! தந்தியின் நிழல்கூடத் தீட்டியதுதான். கூட்டத்தோடு நகர்ந்தால் தவறவிடுவீர்கள்.

பிறகு தோட்டம், 105 ஏக்கர். எம்பரர் (பேரரசர்) நீரூற்று 1844-இல் இங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் அமைத்தது. ரஷ்யப் பேரரசர் நிக்கோலஸ் வருவார் என்று கட்டினார்கள், அவர் வரவேயில்லை. மோட்டார் கிடையாது. மேலே மேட்டுநிலத்தில் வெட்டிய ஏரியிலிருந்து குழாய் வழியாக இறங்கும் நீரின் அழுத்தமே அதைப் பீய்ச்சுகிறது. 90 மீட்டர் வரை எழுந்ததாகப் பதிவு உண்டு. அந்த ஏரியை நம்பியிருப்பதால்தான் நீர் குறையும் கோடையில் ஊற்று அடங்கிவிடும். படியருவியில் 24 அடுக்குகள். ஒவ்வொன்றின் வடிவும் வேறு என்பதால் ஓசையும் மாறும். பழுதுபார்க்கும் காலத்தில் அதில் தண்ணீர் விடமாட்டார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம்மூர் கடையில் வாங்கும் ஜி9 வாழைப்பழம் கேவண்டிஷ் வகை. அந்தப் பெயர் இந்தக் குடும்பத்தினுடையது. 1830-களில் பாக்ஸ்டன் இங்கே கண்ணாடி வீட்டில் வளர்த்த வாழைக்கு ஆறாவது கோமகனின் பெயரை வைத்தார்கள்.

பூங்காவில் நடக்கக் கட்டணம் இல்லை. கார் நிறுத்தத்தான் காசு. இயற்கையாகத் தோன்றும் இந்தப் புல்வெளிச் சரிவுகள் 1760-களில் நிலத்தோட்ட வடிவமைப்பாளர் 'கேப்பபிலிட்டி' பிரவுன் திட்டமிட்டு உருவாக்கியவை. டெர்வென்ட் ஆற்றுப் பாலத்தின் மேற்குப் பக்கம் நின்று பார்த்தால் மாளிகை, ஆறு, பின்னால் காடு எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும்.

கார் இல்லாதவர்களுக்கு ஷெஃபீல்டிலிருந்து பேருந்து உண்டு. திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் புல்வெளி சேறாகிவிடும், சாதாரணச் செருப்பு வழுக்கும். ஆடுகளும் மான்களும் மேய்வதால் நாயைக் கயிற்றிலேயே பிடித்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் மாளிகையைச் சில வாரங்கள் மூடிவிடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்கள் தேதி பார்த்தே கிளம்புங்கள்.