பெரிய திட்டத்தில் அஜைல் முறை உதவுமா? பிறை கிடங்கில் நான் கற்றது

கேள்வி: பல துறைகள், பல மேலதிகாரிகள் என்று சிக்கலாக இருக்கும் திட்டத்தில் அஜைல் முறை உதவுமா? வாடிக்கையாளர் தரப்பில் எல்லாரும் "நேரமில்லை" என்கிறார்கள். அவர்களை எப்படி ஈடுபடுத்துவது?

உதவும். அஜைல் என்றால் வேலையைச் சின்னச் சின்னப் பகுதியாகச் செய்து, ஒவ்வொன்றையும் பயன்படுத்துபவரிடம் காட்டித் திருத்திக்கொண்டே போவது. தினமும் பதினைந்து நிமிடம் நின்றபடி பேசிவிட்டுச் சுவரில் வண்ணத்தாள் ஒட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் மட்டும் உதவாது. நான் மலேசியாவின் பினாங்கில் வேலை செய்கிறேன், என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

2018-இல் பினாங்கைச் சேர்ந்த பிறை என்னும் ஊரில் ஒரு மளிகை மொத்த வியாபாரிக்குப் பில்லுக்கும் கிடங்குக்கும் சேர்த்து மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். எல்லாத் துறையும் கையெழுத்துப் போட்ட தடித்த ஆவணம் ஜனவரியிலேயே தயார். அதில் பாதி 6 விழுக்காடு ஜிஎஸ்டி கணக்கு. மே 9-இல் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. மே 16-இல் அறிவிப்பு வந்தது: ஜூன் 1 முதல் ஜிஎஸ்டி பூஜ்ய விழுக்காடு. அப்புறம் செப்டம்பர் 1-இல் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது விற்பனை, சேவை வரி. ஜிஎஸ்டி சரக்கு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் விழும், வாங்கும்போது கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியில் விற்பனை வரி உற்பத்தியாளரிடமோ இறக்குமதியாளரிடமோ ஒரே தடவைதான். ஆக, மொத்த வியாபாரியின் பில்லில் வரிக் கட்டமே தேவையில்லாமல் போயிற்று. போதாததற்கு மே மாத அறிவிப்பு வந்த சமயம் நோன்பு மாதம். ஜூன் 15 பெருநாள் என்பதால் கடையில் மூச்சுவிட நேரமில்லை.

அப்போதுதான் ஸ்பிரிண்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்றுக்கு மாறினோம். தேதி அரசாங்கத்தின் கையில். எங்களால் குறைக்க முடிந்தது வேலையின் அளவை மட்டும்தான். முதல் சுற்றுக்கு ஒரே ஒரு வேலை வைத்துக்கொண்டோம்: பூஜ்ய வரியோடு ஒரு பில் ஒழுங்காக அச்சாக வேண்டும்.

அதைக் கூட்ட அறையில் காட்டாமல் கிடங்குக்கே கொண்டுபோனோம். நோன்பிருக்கும் லாரி ஓட்டுநர்கள் மாலையில் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள், அதனால் காலை எட்டரைக்கு. சரக்கு ஏற்றும் வாசலில் அரிசி மூட்டைமேல் மடிக்கணினியை வைத்தோம். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, பில்லெல்லாம் சரி. எந்த லாரியில ஏத்துனோம்னு எங்க போடுறது?" என்று கேட்டார். சுவரில் கயிற்றில் தொங்கிய நோட்டை எடுத்து விரித்தார். லாரி எண், ஓட்டுநர் பெயர், போன மூட்டை, திரும்பி வந்த மூட்டை, எல்லாம் நீல மையில். கடைக்காரர் யாராவது சரக்குக் குறைகிறது என்று போன் செய்தால் அந்த நோட்டில் இருப்பதுதான் தீர்ப்பு. ஐந்து மாதமாக நடந்த எந்தக் கூட்டத்திலும் அந்த நோட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரைக் கூப்பிட வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அடுத்த சுற்றிலேயே லாரி எண் பில்லில் ஏறியது. அதன்பிறகு ஓட்டுநர்களே வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். யாரையும் கூப்பிட்டு வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. சொன்னது இரண்டே வாரத்தில் திரையில் தெரிந்தால் மனிதர்கள் தானாகவே பேசுவார்கள்.

இன்னொரு விஷயம், முடிவு சொல்ல ஒரே ஆள் வேண்டும். கடன் வரம்பைத் தாண்டிய கடைக்குப் பில் போடவே கூடாது என்றது கணக்குப் பிரிவு. பெருநாள் நேரத்தில் பழைய வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பவா என்றது விற்பனைப் பிரிவு. இப்படி முடிவு சொல்பவரை, அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரம் முறையில் புராடக்ட் ஓனர் என்பார்கள். அவர் ஒரே ஆள், குழு அல்ல என்று ஸ்க்ரம் வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. எங்களுக்கு அந்த ஆள் முதலாளியின் மகள். இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, எச்சரிக்கை மட்டும் காட்டட்டும், அனுமதி நான் தருகிறேன் என்றார். பத்து நிமிடத்தில் முடிந்தது.

உங்கள் ஆட்களுக்கு நேரமில்லை என்றால் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு நீங்கள் போங்கள், அரை மணி நேரம் போதும். ஓடுகிற ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும். கூடவே, இப்போது இதையெல்லாம் எந்த நோட்டில் எழுதி வைக்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.