டாஷ்போர்டுக்குள் டக் டக்: கார் ப்ளோவர் கேள்வி பதில்

கேள்வி: சார், ஏசி போட்டதும் க்ளவ் பாக்ஸ் பக்கம் 'டக் டக் டக்' என்று சத்தம். ப்ளோவர் (ஏசி காற்றைத் தள்ளும் விசிறி மோட்டார்) வேகத்தைக் கூட்டினால் அதுவும் வேகமாகிறது. மோட்டாரையே மாற்றணும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?

பதில்: அவசரப்படாதீர்கள். ப்ளோவரின் வேகத்துக்கு ஈடுகொடுத்து அடிக்கிற சத்தம் என்றால், பெரும்பாலும் விசிறியில் ஏதோ விழுந்து சிக்கியிருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகிறது. மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலை தழையும் அதே வழியில் இறங்கும்.

என்ஜினை அணைத்து, சாவியை ஆனில் மட்டும் வைத்து, ப்ளோவரை ஒவ்வொரு வேகமாகப் போட்டுக் கேளுங்கள். என்ஜின் இரைச்சல் இல்லாதபோது சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும். அப்புறம் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். பக்கத்திலேயே ஏர்பேக் இருக்கும். மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம்.

பல கார்களில் க்ளவ் பாக்ஸின் இரண்டு ஓரத்தையும் உள்பக்கம் அழுத்தினால் அது கீழே தொங்கிவிடும். அதன் பின்னால் கீழ்ப்பக்கம் வட்டமான கறுப்பு பிளாஸ்டிக் தெரியும், அதுதான் மோட்டாரின் அடி. கனெக்டரை உருவி, பெரும்பாலும் மூன்றே ஸ்க்ரூவைக் கழற்றினால் விசிறியோடு கைக்கு வந்துவிடும். சில மாடல்களில் டாஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். அதை வீட்டில் முயலாதீர்கள். மல்லாந்து படுத்துக் கழற்றுகிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சேர்ந்த தூசியெல்லாம் முகத்தில்தான் கொட்டும்.

என் வண்டியில் இப்படிக் கழற்றியபோது கிடைத்தது ஒரே ஒரு இலைக்காம்பு. தீக்குச்சி நீளம்கூட இல்லை. அதற்குப் போய் ஒரு மாதம் காதைப் பொத்திக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்!

விசிறியின் தகடுகளை மென்மையான பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஏதாவது ஒரு தகட்டில் சின்ன உலோக க்ளிப் மாட்டியிருந்தால் அழுக்கு என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். விசிறி ஆடாமல் சுற்றுவதற்காகக் கம்பெனியில் வைத்த எடை அது. எடுத்தால் டக் டக் போய் 'கடகட' வந்துவிடும்.

கேள்வி: அண்ணா, காலையில் முதல் ஐந்து நிமிடம் 'கீச்' என்று கத்துகிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது. துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தேன். இரண்டு வாரம் அமைதி, இப்போது முன்னைவிட மோசம்.

பதில்: முன்னைவிட மோசமானதற்குக் காரணம் அந்த ஸ்ப்ரேதான். மோட்டார் தண்டு சுற்றுவது பல வண்டிகளில் ஒரு வெண்கலப் புஷ்ஷில், அதாவது தண்டைத் தாங்கும் வளையத்தில். அதன் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். நீங்கள் அடித்த ஸ்ப்ரே அந்தப் பழைய எண்ணெயைக் கழுவிவிட்டுத் தானும் ஆவியாகிவிட்டது. மோட்டாரைக் கழற்றி, தண்டு புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் லேசான மெஷின் ஆயில் ஒரு சொட்டு விடலாம். ஒரு சொட்டுதான். கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) பக்கம் வழிந்தால் அங்கே கரித்தூளோடு குழைந்து வேறு தொல்லை. விசிறியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. எண்ணெய்க்குக் காசு போடாமல் மோட்டாரை மாற்றுங்கள்.

கேள்வி: ப்ளோவரை அணைத்தாலும் சத்தம் வருகிறது. காற்று வரும் திசையை மாற்றும்போதும் சூடு, குளிர் மாற்றும்போதும் 'டிக் டிக்'.

பதில்: அது ப்ளோவரே இல்லை. காற்றைத் திருப்பிவிடும் கதவை அசைக்கும் குட்டி மோட்டாரில் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும்.

கேள்வி: கொஞ்ச நாளாக 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே ஓடியது. இப்போது நாலாவது வேகத்தில் மட்டும்தான் ஓடுகிறது. ரெசிஸ்டர் (வேகத்தைக் குறைக்கும் மின்தடை) மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. குறைந்த வேகங்களில் மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகப் போகும், கடைசி வேகத்தில் நேராக மோட்டாருக்கு. அதனால்தான் உங்களுக்கு நாலாவது மட்டும் மிஞ்சியது. ஆனால் ரெசிஸ்டர் ஏன் எரிந்தது? முனகும் மோட்டார் இறுகிப்போய் அதிக கரண்ட் இழுக்கும். மோட்டாரை அப்படியே விட்டுவிட்டுப் புது ரெசிஸ்டர் போட்டால் அதுவும் எரியும். கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள வண்டிகளில் இந்த ரெசிஸ்டருக்குப் பதிலாக எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும்.

கேள்வி: புது மோட்டார் போட்டும் இரைச்சல் இருக்கிறது, காற்றும் குறைவு!

பதில்: தலைகீழாகச் சுற்றுகிறதா பாருங்கள். உருளை வடிவ விசிறி எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்று அதே வழியாகத்தான் வரும், பலமில்லாமல். அதனால் பலருக்குச் சந்தேகமே வராது. வயர் இரண்டும் இடம் மாறியிருக்கலாம். பழைய விசிறியைப் புது மோட்டாரில் ஏற்றியிருந்தால், தண்டில் அதிக ஆழம் இறங்கி அடியில் உரசுகிறதா என்றும் கையால் சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: கேபின் ஃபில்டரை (காருக்குள் வரும் காற்றை வடிகட்டுவது) எடுத்துவிட்டால் சத்தம் குறைகிறது. அப்படியே ஓட்டலாமா?

பதில்: கூடாது. அடைத்த ஃபில்டரை மாற்றுங்கள், அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்கட்டும். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் அடுத்த இலையோடு முதல் கேள்விக்கே வந்து நிற்பீர்கள்.

கேள்வி: சத்தத்தோடு கொஞ்ச நாள் ஓட்டினால் ஆபத்தா?

பதில்: டக் டக் என்றால் அடுத்த விடுமுறை வரை பொறுக்கலாம். ஆனால் மழையில் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்குவதும் இதே ப்ளோவர்தான், மறக்காதீர்கள். கருகிய வாடை வந்தால் அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள், சரிபார்க்காமல் திரும்பப் போடாதீர்கள்.