தொட்டியில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

போபால் நச்சுவாயு விபத்து பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். விதிகளை இறுக்கினால் ஆலைகள் வேறு நாட்டுக்குப் போய்விடும், வேலையும் போய்விடும். வளரும் நாடு சில விபத்துகளை வளர்ச்சியின் விலையாக ஏற்கத்தானே வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேலை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்த விலையைக் கொடுத்தவர்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டி ஒன்றிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சுவாயு வெளியேறியது. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்து அழிக்கும் கோபுரமும் இயங்கும் நிலையில் இல்லை. ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982 முதலே எச்சரித்து எழுதியும் பயனில்லை. என்னை இன்றும் கொதிக்க வைப்பது வேலிக்கு வெளியே நடந்ததுதான். எந்தத் திசையில் ஓடுவதென்று மக்களுக்குத் தெரியாது. நனைத்த துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்று முன்னரே ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. என்ன வாயு, என்ன சிகிச்சை என்பது மருத்துவர்களுக்கே தெரியவில்லை. இதைச் சொல்லி வைப்பதற்கு என்ன பெரிய செலவு? இதற்காகவா ஒரு முதலாளி நாட்டைவிட்டுப் போவார்?

இத்தாலியின் செவெசோவில் 1976இல் ஓர் ஆலையிலிருந்து டையாக்சின் என்ற நச்சுப்பொருள் கசிந்தபோது உடனடியாக மனித உயிர் எதுவும் போகவில்லை. அப்படியிருந்தும் 1982இல் ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) முழுமைக்கும் ஆலை விபத்துகள் பற்றிய பொதுவிதி வந்தது. ஐரோப்பாவின் வேதித் தொழில் அதனால் அழிந்துவிடவில்லை.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. ஆபத்தான வேதிப்பொருள்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள், விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கின்றன. ஆனால் 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தின் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் என்ற நச்சு ஆவி கசிந்து 12 பேர் இறந்தபோது, அபாயச் சங்கை ஒலிக்கச் செய்ய ஆலைக்குள் 36 இடங்களில் வசதி இருந்தும் அது ஒலிக்கவில்லை. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழுவே சொன்னது இது. தன்னிடம் செல்லத்தக்க சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்று அந்த நிறுவனம் 2019இலேயே அரசுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. அந்தத் தாளைப் பார்த்த பிறகும் ஆலையை ஓடவிட்டார்களே, அதற்கு வளர்ச்சி என்றா பெயர்?

பெரிய அபாயமுள்ள ஆலைகளுக்கு வெளியே செயல்படுத்த வேண்டிய அவசரகாலத் திட்டம் ஒன்றை மாவட்ட நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்துத் திட்டத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் எனக்கும் அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன்.