மூட்டில் எண்ணெய் வற்றுமா? மூட்டுத் தேய்மானம், கொழுப்பு, எடை பற்றிக் கேள்வி பதில்

வணக்கமுங்க. ஈரோட்டுப் பக்கம் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன், வருகிறவர்களில் பாதிப் பேர் முழங்கால்காரர்கள்தான். வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கோபியிலிருந்து: அம்மாவுக்கு 61 வயது, 78 கிலோ. மூட்டில் எண்ணெய்ப்பசை வற்றிவிட்டது என்று சொல்லி தினமும் நெய் ஊற்றிச் சாப்பிடுகிறார். சரியாங்க?

நிறுத்தச் சொல்லுங்க. மூட்டுக்குள் இருப்பது எண்ணெயே இல்லை. ஹயலுரானிக் அமிலம் கலந்த வழவழப்பான ஒரு திரவம், மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வே அதைச் சுரக்கிறது, நாம் சாப்பிடும் நெய் அங்கே போய்ச் சேராது. நெய் போய்ச் சேருவது இடுப்பில், அங்கிருந்து பாரம் முழங்காலுக்கு. மூட்டுத் தேய்மானம் உள்ள பருமனானவர்களை நடக்கவைத்து அளந்த ஆய்வு ஒன்று 2005ல் வந்தது: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது. அம்மா ஐந்து கிலோ இறக்கினால் அடிக்கு இருபது கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று நீங்களே பெருக்கிப் பாருங்க.

பல்லடத்திலிருந்து: எனக்கு விரல் கணுக்களில் தேய்மானம். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். கையால் நான் நடக்கவில்லையே?

நல்ல கேள்விங்க. பாரம் மட்டும்தான் காரணம் என்றால் பருமனானவர்களுக்கு விரல் மூட்டு தேயக் கூடாது, ஆனால் மற்றவர்களைவிட அவர்களுக்குத்தான் அது அதிகம். கொழுப்பு சும்மா கிடக்கிற சுமை இல்லை, சுரப்பி மாதிரி வேலை செய்கிறது. லெப்டின், இன்டர்லூக்கின்-6 போன்ற ரசாயனங்களை ரத்தத்தில் விடுகிறது, அவை மூட்டுக்குள் அழற்சியை (வீக்கமும் வலியுமாக வருவது) தூண்டி, எலும்பு முனையில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பை அரிக்கவைக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2021ல் கொழுப்புத் திசுவே இல்லாத எலிகளை வைத்துப் பார்த்தார்கள். மூட்டில் காயம் செய்தும் அவற்றுக்குத் தேய்மானம் பெரிதாக வரவில்லை. கொஞ்சம் கொழுப்பை எடுத்து உள்ளே பதித்தார்கள், வந்துவிட்டது! எலிக்கு நடந்தது அப்படியே மனுசருக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் டாக்டர் சும்மா சொல்லவில்லை.

வெள்ளகோவிலிலிருந்து: செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டோம், இனி பயமில்லைதானே?

கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ரெண்டிலும் நிறைவுற்ற கொழுப்பு (கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் வகை) குறைவு, தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அதுதான். நம்ம ஊர்த் தேங்காய் என்று எனக்கும் பாசம் உண்டுங்க, இருந்தாலும் தினசரித் தாளிப்புக்குக் கடலை எண்ணெய் போதும். ஆனால் செக்கோ பாக்கெட்டோ, எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி, அதில் சலுகை கிடையாது. மாறியவர்கள் நல்ல எண்ணெய்தானே என்று கூடுதலாக ஊற்றுவதைத்தான் நான் பார்க்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் என்று வையுங்கள், நாலு பேர் வீட்டில் ஒரு லிட்டர் ஒன்பது நாள் வரவேண்டும். இன்றைக்குப் புதுப் புட்டி உடைத்தால் மூடியில் தேதி எழுதி ஒட்டிவையுங்க. ஐந்தாம் நாளே தீர்ந்தால் எங்கே போகிறது என்று வாணலியைப் பாருங்க. சாயங்காலம் பேக்கரியில் சாப்பிடும் பப்ஸ், போண்டா இந்தக் கணக்கில் இல்லை, அது தனி.

திருப்பூரிலிருந்து: மீன் எண்ணெய் மாத்திரை?

முழங்கால் வலிக்கு அதை நம்பிக் காசு போடாதீங்க, ஆய்வுகள் ஒரே மாதிரி பலன் காட்டவில்லை. அந்தக் காசுக்கு மத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள், வறுக்காமல்.

சென்னிமலையிலிருந்து: தறியில் நாள் முழுக்க நிற்கிறேன். நடந்தால் இன்னும் தேயும் என்கிறார்கள், நடக்கலாமா?

நடங்க. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, மூட்டு அமுங்கி விரியும்போதுதான் அதற்குச் சத்து போகிறது. ஒரே இடத்தில் நிற்பதுதான் வலியைக் கூட்டும், அதனால் மணிக்கு ஒரு தடவை தறிக்குத் தறி நடங்க. மலைக்கு 1320 படி ஏறுவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்க, முருகன் கோவிச்சுக்க மாட்டார், வண்டிப் பாதை இருக்கிறது. அப்புறம் இதைச் செய்யுங்க: காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, கீழே அழுத்தி ஐந்து எண்ணுங்க, விடுங்க. பத்துத் தடவை, காலையும் ராத்திரியும். தொடைத் தசை இறுகுவது கைக்குத் தெரியவேண்டும், தெரியாவிட்டால் சரியாகச் செய்யவில்லை. சாப்பாட்டையும் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்களை 18 மாதம் கவனித்த ஆய்வு 2013ல் வந்தது, எடை சுமார் பத்தில் ஒரு பங்கு இறங்கியது, வலி ஏறக்குறைய பாதியானது. சாப்பாடு மட்டும், பயிற்சி மட்டும் என்று செய்தவர்களுக்கு அவ்வளவு கிடைக்கவில்லை.

மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்தால் துண்டெல்லாம் அப்புறம், அன்றைக்கே டாக்டரிடம் போங்க.