வேலைக்கு முன் ஒரு மணி நேரம்

கேள்வி: காலை 9 மணிக்கு நான் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதற்குள் கயாக்கில் (துடுப்புப் போட்டுச் செலுத்தும் சிறு படகில்) போய் மீன் பிடித்துவிட்டுத் திரும்ப முடியுமா? இல்லை, விடுமுறை நாள்தான் சரியா?

பதில்: தாராளமாக முடியும். வாரத்தில் இரண்டு நாள் நான் அப்படித்தான் போகிறேன். ஆனால் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு யோசித்தால் திரும்பவே மனசு வராது. என் கணக்கு 7.15. அலாரம் அடித்ததும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும், தூண்டில் நரம்பைச் சுற்றிவிட்டுத் துடுப்பை எடுத்துவிடுவேன்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் மீன் விடாமல் கடித்தது. இன்னும் ஒரே ஒரு வீச்சு, இன்னும் ஒன்று என்று அரை மணி நேரம் போய்விட்டது. அதற்குள் காற்று கிளம்பி நேர் எதிரே வீசியது. கால் மணி நேரத்தில் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க முக்கால் மணி நேரம் ஆனது. துடுப்பை ஒரு நொடி நிறுத்தினாலும் கயாக்கின் மூக்கு திரும்பிக்கொண்டது. கரையேறிய பிறகு வண்டிச் சாவியைத் திருகக்கூட விரல்கள் ஒத்துழைக்கவில்லை.

இரவில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து படிந்துவிடும். அதனால்தான் ஏரிகளில் பல நாள் விடியற்காலைத் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கிறது. வெயில் ஏறி நிலம் சூடானதும் மேலே வீசும் காற்று கீழே இறங்கிக் கலக்கும். ஆகவே லேசான காற்று இருந்தாலும் போகும்போது அதை எதிர்த்தே போங்கள். களைத்துத் திரும்பும்போது அது முதுகில் தள்ளும். கடலோரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். விடியலில் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையருகே அலையே இல்லாததுபோல் தெரியும். உள்ளே போகப் போகத்தான் காற்றின் இழுப்பு புரியும்.

கேள்வி: அவ்வளவு குறைந்த நேரத்தில் மீன் கிடைக்குமா?

பதில்: அந்த மங்கலான வெளிச்சம்தான் நமக்குச் சாதகம். சின்ன மீன்களை வேட்டையாடும் மீன்கள் அப்போது ஆழமில்லாத ஓரங்களுக்கு வரும். வெகுதூரம் துடுப்புப் போடவே தேவையில்லை. ஒரு தூண்டில் கோல், ஒரு சிறு பெட்டியில் நாலைந்து செயற்கை இரைகள் போதும். முடிச்சுகளை இரவே போட்டு வையுங்கள். இருட்டில் முடிச்சுப் போட்டே பொன்னான நேரத்தைத் தொலைத்தவன் நான்.

மிதக்கும் இரையைக் கோரைப்புல்லின் ஓரமாக வீசுங்கள். அது விழுந்த வளையங்கள் விரிந்து அடங்கும்வரை அசைக்காதீர்கள். பிறகு கோலின் நுனியால் மெல்ல ஒரு சுண்டு. 'பளக்' என்று தண்ணீர் வெடிக்கும்போது கை தானாக இழுக்கப் பார்க்கும். இழுத்தால் இரை வெறுமனே பறந்து வரும். மீனின் கனம் கோலில் தெரியும்வரை பொறுங்கள். எனக்கு இது கைவர ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது.

கேள்வி: எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். லைஃப் ஜாக்கெட் அவசியமா?

பதில்: அவசியம். இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்தால் பயனில்லை. உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் திடீரென விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும். கவிழ்ந்த கயாக்கில் மறுபடி ஏறுவதைக் கரையோரம் நாலைந்து முறை பழகிய பிறகே தனியாகப் போங்கள். இருட்டில் கிளம்பினால் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கும், ஜாக்கெட்டிலேயே கட்டிய விசிலும் வேண்டும்.

எங்கே இறங்குகிறேன் என்பதை வீட்டில் சொல்லிவிட்டே போவேன். கயாக்கைக் கரையில் இழுத்துப் போட்டதும் 'வந்துட்டேன்' என்று மனைவிக்கு ஒரு செய்தி. 7.45 வரை அது வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.