தம்பிக்குச் சிறையில் இன்சுலின் தரவில்லை: வழக்குப் போடலாமா?

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் ஒரு மாநிலச் சிறையில் இருக்கிறான். சர்க்கரை நோயாளி. கேட்டுக் கேட்டும் பல நாள் இன்சுலின் தரவில்லை. புண் முற்றி ஒரு கால்விரலை எடுத்துவிட்டார்கள். அதிகாரிகள் மேல் வழக்குப் போட முடியுமா? வக்கீல் வைக்க வசதியில்லை.

பதில்: போடலாம். மாநில அதிகாரிகள் ஒருவரின் அரசியல் சட்ட உரிமையை மீறினால் ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்துக்குப் போக 1871-இலேயே சட்டம் வந்துவிட்டது. ‘செக்‌ஷன் 1983’ (1983 ஆண்டல்ல, அந்தச் சட்டப் பிரிவின் எண்) என்றால் உங்கள் தம்பிக்கே தெரிந்திருக்கும்.

ஆனால் நான் முதலில் கேட்பது வேறு. சிறைக்குள் கிரீவன்ஸ் மனு, அதாவது குறைதீர்ப்பு மனு, எழுதிக் கொடுத்தாரா? தள்ளுபடியானதும் மேல்முறையீடு செய்தாரா? 1996-இல் வந்த சட்டப்படி, சிறையின் குறைதீர்ப்புப் படிகளைக் கடைசிவரை ஏறி முடிக்காமல் நீதிமன்றப் படியேற முடியாது. கெடு தாண்டிக் கொடுத்த மனு கணக்கில் வராது என்று 2006-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்தக் கெடு பல இடங்களில் சில நாட்கள்தான். விரல் போன மனிதனிடம் தேதி கேட்கும் சட்டம் இது. எனக்கும் பிடிக்காது, என்ன செய்ய! படிவமே தர மறுத்தார்கள், மிரட்டித் தடுத்தார்கள் என்றால் விலக்கு உண்டு. அதனால் யார், என்று, என்ன சொல்லி மறுத்தார் என்பதை இன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வெறும் கவனக்குறைவு போதாது. ஆபத்து என்று தெரிந்தே அலட்சியமாக விட்டார்கள் என்று காட்ட வேண்டும் (உச்ச நீதிமன்றத்தின் 1976, 1994 தீர்ப்புகள்). இங்கேதான் இன்சுலின் கேட்டு எழுதிய ஒவ்வொரு சீட்டும் பேசும். அதை வாங்கிப் படித்த நர்ஸ் யார், மருத்துவர் யார் என்று பெயர் பெயராகச் சொல்ல வேண்டும். வார்டன் (சிறையின் தலைமை அதிகாரி) என்பதற்காக மட்டும் வார்டனை இழுக்க முடியாது. இழப்பீடு கேட்டு மாநிலத்தின் மேலேயே இந்தச் சட்டத்தில் வழக்குப் போடவும் வழியில்லை.

பணம்? கட்டணம் 350 டாலர். வசதியில்லை என்று மனுப் போட்டாலும் கட்டணம் தள்ளுபடி ஆகாது, தவணைதான். சிறைக் கணக்கில் விழும் பணத்தில் மாதம் 20 சதவீதம் பிடிப்பார்கள். சிவில் வழக்கு என்பதால் இலவச வக்கீல் உரிமையாகக் கிடைக்காது. கேட்டுப் பார்க்கலாம், சில சமயம் நீதிபதி ஏற்பாடு செய்வார். தானே எழுதும் கைதியின் மனுவை நீதிமன்றம் கொஞ்சம் தாராளமாகத்தான் படிக்கும்.

கால வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டென்னசியில் 1 ஆண்டு, கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் 2, நியூயார்க்கில் 3. சிறை அதிகாரியிடம் தபாலுக்குக் கொடுத்த நாளே தாக்கல் செய்த நாள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வழக்கு மனுவில் அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள், செல்லாது. கிரீவன்ஸ், பதில், மருத்துவச் சீட்டு எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் வீட்டுக்கு வரட்டும். அறைச் சோதனையில் காகிதங்கள் காணாமல் போவது புதிதல்ல.